சுவருக்கு முன்னே வந்த வாசல்

எனக்கு விடைகொடுத்த அன்று குன்னூர் ஷெட்டில் டீயும் வர்க்கியும் வைத்திருந்தார்கள். முதலாளி எழுந்து, "மேஸ்திரி, புதுசா வந்திருக்கற பசங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார். நான் எழுந்து நின்று, "எல்லாரும் டீ குடிங்க" என்றேன். மூன்று வார்த்தையாகிவிட்டது. நீங்கள் கைதட்டினீர்கள். அது மரியாதைக்கா கிண்டலுக்கா என்று வர்க்கி தீரும் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாலு பேர் பார்க்கப் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லித் தப்பித்தேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் பத்தாவதோடு நின்றவன். முதலில் பழைய பங்களாக்களில் மரவேலை பார்த்தேன். பிறகு நம் கம்பெனிக்கு வந்து ஸ்டீல் ஃப்ரேம் வீடுகளை நிறுத்தினேன். வயது இன்னும் இருக்கிறது, ஆனால் முட்டி இரண்டும் இனி மேடு ஏறமாட்டோம் என்று சொல்லிவிட்டன. முட்டிகள் என்னைப் போல் இல்லை. வாய் திறந்து சொல்லிவிடுகின்றன.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். இரும்புக் கட்சி, கரையான் அரிக்காது, கோணாது, நாலு பேர் தூக்கினால் ஒரு சுவரே வந்துவிடும் என்று சொல்லும். மரக் கட்சி, குளிருக்கு இதம், மழை பெய்தால் தகரடப்பாவுக்குள் இருப்பதுபோல் இருக்காது, வேண்டியபடி அங்கேயே இழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும். ஆளுக்கொரு மொபைலை நீட்டிக்கொண்டு, சாம்பார் ஆறிப்போகும் வரை பேசுவீர்கள். இரண்டு பக்கமும் சொல்வது சரிதான். அதுதான் பிரச்சினையே. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தயிர்சாதம் தொண்டையில் நின்றிருக்கும்.

நான் மரவேலை பார்த்த காலத்தில் எனக்கு மேலே ஒரு கான்ட்ராக்டர் இருந்தார். சிடுமூஞ்சி. என்ன வீடு கட்டலாம் என்று யார் வந்து கேட்டாலும், இடத்தைப் பார்க்கமாட்டார், பட்ஜெட் கேட்கமாட்டார். "மழைக்காலத்துல ஈரத்துணிய எங்க காயப்போடுவீங்க?" என்று கேட்பார். வந்தவர்கள் இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். நானும் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. இந்த மலையில் மழை பிடித்தால் துணி வீட்டுக்குள்தான் காயும். துணியிலிருந்து போகும் ஈரம் எங்கேயாவது போயாக வேண்டும். மரமாக இருந்தால் அதைக் குடித்து உப்பிக்கொள்ளும். இரும்பு குடிக்காது. குளிர்ந்த காலையில் சொட்டுச் சொட்டாகத் துப்பிவிடும். எது வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

அந்தக் கேள்வியை நானும் கேட்க ஆரம்பித்தேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்களிடம் கேட்காதீர்கள்.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மாரப்பன் என்று ஒரு ஃபிட்டர் இருந்தார். டீ ஃபேக்டரியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்பவர். அவர் மனைவி ருக்மணி, கொழுந்து எடுப்பவர். என்னைவிடப் பெரியவர்கள், அதனால் எனக்கு அண்ணன், அக்கா. அண்ணனுக்கு அந்த வருடம் ரிட்டையர்மென்ட். தீபாவளிக்குள் எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்து அடுத்த குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். எஸ்டேட்டுக்கு வெளியே, தேயிலைச் சரிவில் துண்டு இடம் வாங்கி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்துக்கு ஐப்பசியில்தான் பெருமழை. அதற்குள் கூரை ஏற வேண்டும். செங்கல் சுமந்து கட்டினால் முடியாது என்பதால் எங்களிடம் வந்தார்.

முதல் முறை பேசப் போனபோது லைன் வீட்டுக் கதவு ஈரத்தில் உப்பி நின்றது. அண்ணன் தோளைக் கொடுத்து ஒரு இடி இடித்துத் திறந்தார்.

"பாத்தீங்களா மேஸ்திரி. இந்தக் கதவத் தெறந்தே எனக்கு ஒரு தோள் போச்சு."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "அவருக்கு ஒண்ணுதான் போச்சுங்க. அவரு வேலைக்குப் போனதுக்கப்பறம் நாள் பூரா தெறக்கறது யாருன்னு கேளுங்க."

உட்கார்ந்ததும் என் கேள்வியைக் கேட்டேன். ஈரத்துணி எங்கே காயும்?

"வெளியிலதாங்க. வேற எங்க?" என்றார் அண்ணன்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் மேலே கொடியில் தொங்கிய துண்டிலிருந்து ஒரு சொட்டு என் பேப்பரில் விழுந்தது. மூவரும் அந்தச் சொட்டைப் பார்த்தோம்.

அண்ணனுக்கு எல்லாமே இரும்பில் வேண்டும். சுவர் இரும்பு, கூரை இரும்பு, வாசல்கூட இரும்பு. ஆயுசு முழுக்க இரும்போடு வேலை செய்தவர். "மெஷின் என்னைய ஏமாத்துனதில்லீங்க. மரம் வருசா வருசம் ஏமாத்துது. புது ஊட்டுல இவ ஒத்த வெரல்ல கதவத் தெறக்கோணும். கல்யாணமான புதுசுலயே சொல்லி வெச்சிருக்கறேன்" என்றார்.

அக்காவுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். வாசல் நிலை. நெலவு என்பார் அவர். அது மரத்தில் இருக்க வேண்டும், முறைப்படி நல்ல நாள் பார்த்து, சுவர் எழும்புவதற்கு முன்னே நிற்க வேண்டும். "இரும்புக்கு மஞ்சப் பூசி, பொட்டு வெச்சா அது பெட்டிக்கடை மாதிரி இருக்குமுங்க" என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து கம்பெனிக் கதவுதான் மேஸ்திரி. இது எங்க கதவுன்னு ஒண்ணத் தொட்டுப் பாக்கோணுமில்ல" என்றார்.

கவனித்தீர்களா? இருவரும் ஒரே கதவைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் அதை ஒருவருக்கொருவர் சொல்லாமல் என்னிடம் சொன்னார்கள். நம் தொழிலில் பாதி இதுதான். அளவு எடுக்கும் டேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பது.

நம் வேலையில் வாசல் நிலை கடைசியில் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். தரையில் காங்கிரீட் போட்டு, கோயமுத்தூர் ஃபேக்டரியில் செய்து வரும் சுவர்களை நிறுத்தி, கூரை ஏற்றி, பலகை அடித்து, அப்புறம்தான் கதவு. முதலாளியிடம் சொன்னபோது, "மனசுக்கு நல்லாருந்தா முன்னாடியே வெச்சுக்கட்டும், நமக்கென்ன" என்றார். சுவரில் வாசலுக்கு விடும் ஓட்டையின் அளவைக் கோத்தகிரியில் ஒரு ஆசாரியிடம் கொடுத்தோம். அவர் பலாமரத்தில் அருமையாகச் செய்து கொண்டுவந்தார். ஆவணியில் ஒரு நல்ல நாளில் வெறும் காங்கிரீட் தரையில் அந்த நிலையை நிறுத்தி, இரண்டு பக்கமும் கற்பூரமரக் கழி முட்டுக் கொடுத்து, மஞ்சள் துணியில் நவதானியம் கட்டி, மாவிலையும் சாமந்திமாலையும் சாத்திப் பூஜை போட்டோம்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அந்த இடத்தில் சுவர் இல்லை, கூரை இல்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு நிலை மட்டும் நின்றது. ஆனாலும் வந்தவர்கள் ஒருவர்கூடச் சுற்றிக்கொண்டு போகவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, தலையைக் குனிந்து, வலது காலை வைத்து, நிலை வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். உள்ளே என்றால், அதே மேகம், அதே காற்று. எங்கள் ஆட்கள் முதுகில் சிமென்ட் மூட்டையோடு அந்த வழியாகவே குனிந்து போனார்கள். சுற்றிப் போனால் அக்காவின் பார்வை அப்படி. ஒரு நாய் மட்டும் பக்கவாட்டில் நுழைந்தது. "அதுக்கென்னங்க தெரியும்" என்று அக்கா மன்னித்துவிட்டார்.

புரட்டாசி முடியும் தறுவாயில் சுவர்கள் வந்தன. லாரி ரோட்டு முனையில் நின்றுவிட்டது. அங்கிருந்து தேயிலைப் பாதையில் தோளில் தூக்கி வந்தோம். மற்ற மூன்று பக்கத்துக்கும் உரிய சுவர்களை அந்தந்த இடத்தில் சாய்த்துவிட்டு, முதலில் முன்பக்கச் சுவரைத் தூக்கி நிலையின் மேல் இறக்கப் பார்த்தோம்.

இறங்கவில்லை.

நிலையின் மேல்கட்டை இரண்டு பக்கமும் ஒரு சாண் நீண்டு நின்றது. கொம்பு. செங்கல் சுவர் கட்டும்போது அந்தக் கொம்பைச் சுவர் கவ்விக்கொள்ளும், நிலை ஆடாது. எல்லா ஆசாரியும் எல்லா நிலையிலும் விடுவதுதான். நம் சுவரில் செங்கல் கிடையாது. வாசலுக்குப் பக்கத்திலேயே இரும்புக் கால் நிற்கும். கொம்புக்கு அங்கே இடமில்லை. அதைப் பூஜை அன்று யாரும் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். எல்லோரும் பார்த்தோம். முகத்தில் மூக்கு இருப்பதை யார் கவனிப்பார்கள்? நிலை என்றால் கொம்பு இருக்கும். அதன்மேல் சாமந்திமாலைகூடப் போட்டோம்.

கோடநாடு பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. சுவரைத் தூக்கி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அதற்குள் ஒருவன் கட்டிங் மெஷினுக்கு ஒயர் சொருகிவிட்டான். உங்களில் யாரும் அவன் இல்லை, ஆனால் உங்களில் எல்லோரும் அவன்தான். இரண்டு வழி அவனுக்கு உடனே தெரிந்தது. இரும்புக் காலில் கொம்பு அளவுக்கு வெட்டிவிடலாம், அல்லது கொம்பை வெட்டிவிடலாம்.

ஒயரைப் பிடுங்கச் சொன்னேன். வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும் கால் கூரையைத் தாங்கும் கால். அதை வெட்டினால் அன்று ஒன்றும் ஆகாது. ஒரு வருடத்துக்கும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் பயப்பட வேண்டும். மரத்தில் தப்பு நேர்ந்தால் வேலை நடக்கும்போதே சீவிச் சரிசெய்துகொள்ளலாம். இரும்பில் தப்பை வேலைக்கு முன்னால், பேப்பரிலேயே சரிசெய்திருக்க வேண்டும். வேலை தொடங்கின பிறகு, கையில் இருக்கும் மெஷினை நம்பி அதைத் தொடக்கூடாது.

சரி, கொம்பையாவது வெட்டலாமே என்று எல்லோரும் திரும்பினோம். அக்கா டீக் கெட்டிலோடு நிலைக்குள் நின்றுகொண்டிருந்தார்.

"அதுல கை வெச்சீங்கன்னா டீ இல்லீங்க."

"அக்கா, ரெண்டு பக்கமும் துளியூண்டுதான்..."

"பூஜை போட்ட நெலவுல ரம்பம் வெக்கறதா? வெச்சதுக்கப்பறம் அசைக்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது. யாரா இருந்தாலும் சொல்லுவாங்க."

அண்ணன் வந்தார். "நான் அன்னைக்கே இரும்பு வாசல்னு சொன்னனா இல்லையான்னு கேளுங்க மேஸ்திரி."

"அவரு சொன்னது கேட்டுச்சு, எனக்குக் காது நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லுங்க மேஸ்திரி."

"மழை வந்துட்டா லைன் ஊட்டையும் உட்டுட்டு எங்க போயி நிக்கறதுன்னு கேளுங்க."

அக்கா கெட்டிலைத் தரையில் வைத்துவிட்டு நிலையின் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். தீபாவளிக்கு அதிக நாள் இல்லை என்பது அவருக்குத் தெரியாதது இல்லை.

எனக்கு அந்த நேரத்தில் தெரிந்த ஒரே வேலை டீ குடிப்பதுதான். டம்ளரோடு சாய்த்து வைத்திருந்த சுவர்களைச் சுற்றி நடந்தேன். பிரச்சினை நேர்ந்தால் கொஞ்சம் நடங்கள். ஆட்களுக்கு நீங்கள் யோசிப்பதுபோல் தெரியும். சில சமயம் நிஜமாகவே யோசனை வரும்.

பின்பக்கச் சுவருக்கு எதிரே வந்து நின்றேன். அது பள்ளத்தாக்குப் பக்கத்துக்கு உரியது. அதில் ஒரு பெரிய அகல ஜன்னலுக்கு ஓட்டை விட்டிருந்தது. வீடு நீள்சதுரம். முன்சுவரும் பின்சுவரும் ஒரே நீளம். அகலமான ஓட்டைக்கு மேலே வரும் இரும்பு கனமானது. ஜன்னலுக்குக் கீழே இருக்கும் குட்டைக் கால்கள் எந்த எடையும் தாங்குவதில்லை. இரண்டு சுவரையும் இடம் மாற்றினால், அந்த அகல ஓட்டைக்குள் நிலை கொம்போடு நிற்கும்.

கோயமுத்தூர் ஃபேக்டரி இன்ஜினியர் அம்மாவுக்குப் போன் போட்டேன். போனில் பேசுவது எனக்குக் கொஞ்சம் சுலபம், முகம் இல்லை. அவர் பதறவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கொம்பு முனையிலிருந்து முனைக்கு எவ்வளவு, நிலை எந்த மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, தரையில் போல்ட் எங்கெங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாக அளந்து சொல்லச் சொன்னார். பிறகு, "மாத்தலாம் மேஸ்திரி. குட்டைக் கால எடுத்துடலாம். ஆனா கணக்குப் போட்டு, ட்ராயிங் திருத்தி சாயந்திரம் அனுப்பறேன். அது வர்ற வரைக்கும் ஒரு ஸ்க்ரூகூட முடுக்காதீங்க" என்றார். மேலே மேகம் அவ்வளவு கறுப்பாக இருக்கும்போது சும்மா நிற்பதுதான் கஷ்டமான வேலை. அன்று பிற்பகல் முழுக்க ஆட்களைச் சுவர்களுக்குத் தார்ப்பாய் கட்ட வைத்தேன். கட்டியதை அவிழ்த்து மறுபடியும் கட்ட வைத்தேன்.

ஆனால் இன்னொரு காரியம் பாக்கி இருந்தது. அந்த அகல ஜன்னலைக் கேட்டு வாங்கியவர் அண்ணன். அவர் வேலை பார்த்த மெஷின் ரூமில் வெளிச்சம் தெரியாது. தெளிவான நாளில் அந்தச் சரிவிலிருந்து பார்த்தால் கீழே சமவெளியில் அணைத் தண்ணீர் ஒரு ஸ்பூன் அளவுக்கு மின்னும். ரிட்டையராகி, நாற்காலி போட்டு, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று வரைபடத்தில் அந்த ஜன்னலைத்தான் முதலில் காட்டச் சொன்னவர். இப்போது அந்த இடத்துக்குக் குறுகலான கதவு ஓட்டைதான் போகும். இதை எப்படிச் சொல்வது? நான் கெட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அண்ணன், "பள்ளம் எங்கீங்க ஓடிப்போகுது? வெளிய வந்து நின்னாத் தெரியுது. மாத்துங்க" என்றார். சொல்லிவிட்டு எதையோ தேடுவதுபோல் தேயிலைக்குள் போனார்.

அக்காவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சாயந்திரம் ட்ராயிங் வந்துவிட்டது. மறுநாள் காலையில் நாங்கள் போனபோது அக்கா நிலையில் இருந்த காய்ந்த மாலையைக் கழற்றி வைத்திருந்தார்.

"கொம்ப அறுத்துருங்க மேஸ்திரி. சாமிகிட்டச் சொல்லிட்டேன்."

"அறுக்க வேண்டாமுன்னு சொல்லுங்க மேஸ்திரி" என்று பின்னாலிருந்து அண்ணன். "ஜன்னல் எனக்கு எதுக்கு? கண்ணே சரியாத் தெரியல."

"நேத்து வரைக்கும் ஊசில நூல் கோத்தாருன்னு சொல்லுங்க."

"வெச்ச நெலவ அறுத்தா நாளைக்குத் தலைவலின்னாக்கூட இதாலதான்னு சொல்லுவா. நான் கேக்க முடியாதுன்னு சொல்லுங்க."

எனக்குத் தலை சுற்றியது. முதல் நாள் ஆளுக்கொன்றைக் கேட்டுச் சண்டை போட்டார்கள். அதற்கு வழி கண்டுபிடித்தோம். இப்போது அவர் இவருக்காகவும், இவர் அவருக்காகவும் சண்டை போடுகிறார்கள். இதற்கு எந்த இன்ஜினியரும் ட்ராயிங் அனுப்ப முடியாது. முதல் தூறல் என் கைமேல் விழுந்தது. தார்ப்பாய் படபடத்தது. ஆட்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். பேச்சு வராத வாய்.

அப்போதுதான் பின்பக்கம் போகவேண்டிய அந்தக் குறுகல் ஓட்டையைச் சரியாகப் பார்த்தேன். ஜன்னலாக்குவதற்காக அதன் கீழ்ப்பாதியை அடைப்பதாக இருந்தோம். ஏன் அடைக்க வேண்டும்? அது கதவுக்காக விட்ட ஓட்டைதானே. தரை அந்தப் பக்கம் சுவரைத் தாண்டி ஒரு நாற்காலி அகலத்துக்கு வெளியே நீண்டிருந்தது. தரையிலிருந்து தலை வரை கண்ணாடிக் கதவு போட்டு, வெளியே தடுப்புக் கம்பி வைத்தால், ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து பார்ப்பதற்குப் பதில் வாசலிலேயே உட்கார்ந்து பார்க்கலாம்.

இன்ஜினியர் அம்மாவிடம் மறுபடி கேட்டேன். அடைத்தாலும் அடைக்காவிட்டாலும் எடை மாறாது, தாராளமாக விடுங்கள் என்றார். போனை வைத்துவிட்டு, என் சர்வீஸில் முதல் முறையாக வீட்டுக்காரர்களுக்கு ஆர்டர் போட்டேன்.

"ரெண்டு பேரும் கெட்டில எடுத்துட்டு அந்த டீச்செடிக்கு அந்தப்பக்கம் போயி நில்லுங்க. சுவர் நின்னதுக்கப்பறம் கூப்புடறேன்."

போனார்கள். ஒருவேளை அவர்களுக்கும் யாராவது சொன்னால் போதும் என்று இருந்திருக்கும்.

மழை வலுப்பதற்குள் நாலு சுவரும் நின்றுவிட்டன. இது மரத்தில் நடக்காது. மரச்சட்டத்தில் கட்டிய சுவரை எதிர்ப்பக்கம் தூக்கிக்கொண்டு போய் வைத்துப் பாருங்கள். ஆனால் அகல ஓட்டைக்குள் நிலையைச் சுற்றி மிஞ்சிய கோணல்மாணல் சந்துகளை இரும்பால் அடைக்க முடியவில்லை. அதற்குச் சில்வர் ஓக் சட்டம் இழைத்து, கண்ணாடி போட்டு, மரத்தால்தான் அடைத்தோம். உங்கள் கட்சிகள் இரண்டும் இந்த வீட்டைப் பற்றி என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. கூப்பிட்டதும் அக்கா நிலை வழியாகக் குனிந்து உள்ளே வந்தார். நிமிர்ந்தார். நேர் எதிரே அந்தக் குறுகல் வாசலில் பள்ளத்தாக்கு முழுக்க நின்றது.

"வாசல்ல இருந்தே தெரியுதுங்களே" என்றார்.

அண்ணன் பின்னாலேயே வந்து, தலையைக் குனிய மறந்து, நிலையில் இடித்துக்கொண்டார். "உங்க நெலவு நல்ல பலமாத்தான் இருக்குதுன்னு சொல்லுங்க மேஸ்திரி" என்றார்.

தீபாவளிக்கு முன் குடிபோனார்கள். பின்வாசலுக்குக் கம்பியை அண்ணனே பழைய பைப்பில் செய்து வைத்தார். எந்தக் கொம்புக்காக ஒரு நாள் வேலை நின்றதோ, அந்தக் கொம்பில் இன்று ஒரு பக்கம் குடையும் இன்னொரு பக்கம் மங்கி கேப்பும் தொங்குகின்றன.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் வீட்டுச் சாவியைக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

கார்த்திகையில் அக்கா போன் செய்தார். குரல் மிக மெதுவாக வந்தது. "ஏனுங்க மேஸ்திரி, அவரு இன்னைக்குக் கோத்தகிரிக்குப் போறாரு. அப்ப வந்துட்டுப் போறீங்களா? கதவு கொஞ்சமாப் புடிக்குது. அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா மரம் ஏமாத்திருச்சும்பாரு."

இழைப்புளியோடு போனேன். கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். உப்பியிருந்தது உண்மை. ஆனால் உரச வேண்டிய இடம் உரசாமல் வழுக்கியது. விரலால் தடவினேன். வழவழவென்று இருந்தது.

"மெழுகுவத்தி தேச்சு வெச்சிருக்கறீங்களாக்கா?"

"நான் எதுக்குங்க தேய்க்கறேன்?"

சொல்லிவிட்டு அவர் சாமி அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு மெழுகுவத்தி, திரி எரியாமலே, பக்கவாட்டில் பாதியாகத் தேய்ந்திருந்தது.

"கரண்டே போகல, மெழுகுவத்தி மட்டும் எப்படிக் கொறையுதுன்னு பாத்தேன்" என்றார். பிறகு கதவை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். அது போனது. "இழைக்க வேண்டாமுங்க, இருக்கட்டும்" என்றார். அந்த வருடம் நான் குடித்ததிலேயே நல்ல டீயை அன்றுதான் குடித்தேன்.

மார்கழிக் குளிரில் அண்ணன் போன் செய்தார். அவர் குரலும் மெதுவாகத்தான் வந்தது. "மேஸ்திரி, ருக்கு இன்னைக்குக் மகளிர் குழு மீட்டிங் போறா. அப்ப வர்றீங்களா? படுக்கற ரூம்ல கூரை இரும்பு காலைல வேர்க்குதுங்க. மேல பீரோகிட்டச் சொட்டற சத்தம் கேட்டுச்சு, இப்பக் கேக்கறதில்ல, ஆனா வேர்க்குது. அவளுக்குத் தெரிஞ்சா இரும்பு ஊடு அழுவுதும்பா."

போனேன். ஹாலில் குறுக்கே கொடி கட்டி ஈரத்துணி தொங்கியது. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. நானும் துணியைப் பார்க்காததுபோல் குனிந்து போனேன். ஏணி போட்டு ஏறி, இரும்பு தெரிந்த இடத்தில் நுரை ஷீட் ஒட்டினேன். கூரை ஓரத்தில் காற்றுப் போக வழி செய்தேன். அப்போது பீரோவுக்கு மேலே, கீழே நிற்பவருக்குத் தெரியாத மூலையில், ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைப் பார்த்தேன். சொட்டு விழும் இடத்தில் சரியாக வைத்திருந்தது. உள்ளே பழைய புடவைத் துணி ஒன்று நாலாக மடித்துப் போட்டிருந்தது. சொட்டு விழுந்தால் சத்தம் வராது.

"மேல ஏதாச்சும் இருக்குதுங்களா மேஸ்திரி?" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்கண்ணா. தூசி."

பேச வராதவனுக்கு அந்த இரண்டு வார்த்தை போதுமாக இருந்தது. இரும்பா மரமா என்று உங்களை யாராவது கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். இரண்டிலும் என்ன தொந்தரவு வரும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு மேல் அந்த வீட்டுக்குள் நடப்பது நம் ட்ராயிங்கில் வராது.

இனிச் சொட்டாது, அதனால் அந்தக் கிண்ணத்துக்கு வேலை இல்லை. ஆனால் எடுத்தால் அண்ணனுக்குத் தெரிந்துவிடும். துணியை இருந்தபடியே மடித்து, கிண்ணத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினேன்.